நாற்பத்தொரு நாளைக்கு எத்தனை மாத்திரை?

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

மருந்தின் பெயர், அளவு, எதோடு எது சேரக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் படித்த காலத்தில் இப்போதைய மருந்துகளில் பாதி பிறக்கவே இல்லை. அதனால் பாடம் நடத்துகிற எண்ணம் எனக்கு இல்லை. தக்கலைப் பக்கம் ஒரே கடையில் இருபத்தொன்பது வருடம் நின்று, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு ஓய்வு பெற்றவள் நான். அந்த வருடங்களில் சரியாகச் செய்ததெல்லாம் மறந்து போய்விட்டது. ஒரு மாசி மாதம் செய்த தப்பு மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

செண்பகம் என்று ஒரு பெண். எங்கள் கடையிலிருந்து மூன்று கிலோமீட்டரில் அவளுடைய ஊர். கணவர் நீலகண்டன் நெல் விவசாயம் செய்கிறவர், பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிறவர். ஒரே மகன் கல்ஃபில் வேலை செய்கிறான். அங்கே சாரத்திலிருந்து விழுந்து அவன் பிழைக்க மாட்டான் என்று சொல்லப்பட்ட நேரத்தில், மண்டைக்காட்டுக் கோவில் அம்மைக்கு ஏழு வருடம் இருமுடி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். மகன் பிழைத்தான். அவளும் வருடம் தவறாமல் நாற்பத்தொரு நாள் நோன்பிருந்து மாசிக் கொடைத் திருவிழாவுக்கு அந்த இருமுடிக் கெட்டைச் சுமந்தாள். நான் சொல்லும் இந்த வருடம் ஏழாவது வருடம். அவளுக்கு நாற்பத்தேழு வயது, எனக்கு ஐம்பது.

நாங்கள் நெருங்கியதற்குக் காரணம் எங்கள் இருவரின் உடம்பும் ஒரே நேரத்தில் சண்டித்தனம் பண்ணத் தொடங்கியதுதான். மாதவிலக்கு முழுசாக நிற்பதற்கு முன்னால் சில வருடங்கள் பெண்ணைப் படாத பாடு படுத்துமே, அந்த வருடங்கள்.

"எஸ்தரக்கா, மேலு முழுக்க காந்துது. அடுத்த நிமிசம் வேர்த்து ஊத்துது. ராத்திரி ஒறக்கமே இல்ல. ஒங்களுக்கும் இப்பிடித்தானா?" என்று கேட்பாள்.

"நான் இன்சுலின் வச்சிருக்க ஃப்ரிட்ஜுக்குள்ள ஏறி உக்காரலாமான்னு பாக்கேன். முதலாளி விடமாட்டாரு" என்பேன்.

இரண்டு பேரும் சிரிப்போம். அவள் தலைவலித் தைலம் வாங்க வந்தால்கூட அரைமணி நேரம் கவுண்டரில் சாய்ந்துகொண்டு நிற்பாள். நல்ல சிநேகிதம்தான். ஆனால் அவளுக்கு என்ன வந்தாலும் அது எனக்கும் இருப்பதுதான் என்ற எண்ணம் அந்தச் சிரிப்போடு சேர்ந்து எனக்குள் ஊறிவிட்டது. நம் தொழிலில் இதைவிட ஆபத்தான எண்ணம் இல்லை.

இனி மாத்திரை விஷயம். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரை எது என்று உங்களுக்குத் தெரியும். கல்யாண வீடு, கோவில் கொடை, வேளாங்கண்ணிப் பயணம் என்று மதபேதமே இல்லாமல் எல்லாப் பெண்களும் வந்து கேட்பது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தேன், எல்லாக் கடையிலும் கொடுத்தார்கள். முன்னைய வருடங்களில் செண்பகத்துக்கு மாதம் தவறாமல் கணக்காக வரும். அதனால் எந்த வாரம் வரும் என்று பார்த்து, அதிலிருந்து கெட்டு எடுக்கும் நாள்வரைக்கு மட்டும் ஐந்தாறு அட்டை வாங்கிப் போவாள். இந்த வருடம் கணக்கு குலைந்துவிட்டது. பதினெட்டு நாளில் வரும், இரண்டு மாதம் வராது, வந்தால் நிற்காது. நோன்பு நடுவில் வந்துவிட்டால் அதுவரை எண்ணிய நாளெல்லாம் வீண்.

தை மாதம் நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள் வந்தாள்.

"நாங்க பதினோரு பேராக்கும் இந்தத் தடவ கெட்டு எடுக்குதோம். எல்லாருக்கும் சேத்து ஒரு பத்து அட்ட தாருங்க அக்கா."

கொடுத்தேன். அந்தப் பதினோரு பேரையும் எனக்குத் தெரியும். அவர்களில் எட்டுப் பேர் மாதாமாதம் என்னிடம்தான் பிரஷர் மாத்திரையும் முட்டுவலி மாத்திரையும் வாங்குகிறார்கள். செண்பகத்தைத் தவிர எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆனவர்கள். அவர்களுக்கு எதற்கு இந்த மாத்திரை என்று கேட்க ஒரு நிமிடம் போதும். நான் சர்ச்சுக்குப் போகிறவள், அவர்கள் நோன்பைப் பற்றி நோண்டிக் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. அந்த மரியாதையைப் பற்றி நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இன்னொன்றும் இருந்தது. களியக்காவிளையில் இருக்கும் அவளுடைய தங்கை ஒரு பொடி டப்பா கொடுத்துவிட்டிருந்தாள். வாட்ஸ்அப்பில் விற்பது. கல்லீரலைச் சுத்தம் செய்தால் ஹார்மோன் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும், வேர்வையும் தூக்கமின்மையும் போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் எழுதப்படவில்லை. செண்பகம் அதைக் கொண்டுவந்து காட்டினாள்.

"கல்லீரல் என்ன வெண்கலப் பாத்திரமா, புளி போட்டுத் தேய்க்கதுக்கு? இதெல்லாம் எதுக்கு பிள்ளே?" என்று கேலி செய்தேன்.

கேலிதான் செய்தேன், தின்னாதே என்று சொல்லவில்லை. கேலி செய்தாலே தடுத்ததாக ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

நோன்பின் இருபத்தைந்தாம் நாள் வாக்கில் மறுபடி வந்தாள். சோர்வாக இருக்கிறது, சாப்பாட்டைக் கண்டால் ஓங்கரிக்கிறது, உடம்பெல்லாம் ஊறலாக இருக்கிறது என்றாள். தோலில் தடிப்பு எதுவும் இல்லை.

"இதெல்லாம் இந்த வயசுக்குள்ளதாக்கும். எனக்கும் போன வருசம் தோலு வறண்டு ஒரே சொறிச்சலு" என்று சொல்லி, ஒரு களிம்பும் அரிப்பு மாத்திரையும் எடுத்து நீட்டினேன்.

நோன்பிருக்கும் பெண்கள் தினமும் மஞ்சள் தேய்த்துக் குளிப்பார்கள். அவள் முகம், கழுத்து, கை எல்லாம் மஞ்சளாக இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முகம் நல்லா வெளங்குதே, அம்மை அருளு" என்றேன். ஈரல் கெட்டு மஞ்சளித்து நிற்கிற ஒருத்தியிடம், மருந்தாளுநர் பட்டம் வாங்கிய நான், முகம் நல்லா வெளங்குதே என்று சொன்னேன். அவளும் சந்தோஷமாகப் போனாள்.

ஐந்து நாள் கழித்து நல்ல மத்தியானத்தில் நீலகண்டன் அவளை பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார். இறங்கியவளால் நிற்க முடியவில்லை. உள்ளே ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

"ரெண்டு நாளா குளிக்கவும் இல்ல. எந்திக்க சீவனில்ல. டிரிப்பு போட்டா செரியாவுமா?" என்று கேட்டார்.

அவர் சொன்னது ஒரு நொடி கழித்துத்தான் மண்டையில் ஏறியது. இரண்டு நாளாகக் குளிக்கவில்லை என்றால் இரண்டு நாளாக மஞ்சளும் பூசவில்லை. ஆனால் போன தடவையைவிட இன்று அதிக மஞ்சளாக இருந்தாள். அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். கண்ணின் வெள்ளையில் வெள்ளையே இல்லை. மூத்திரம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போகிறது, பத்து நாளாகிறது என்றாள். பத்து நாள் என்றால், நான் களிம்பு கொடுத்த அன்றைக்கு முன்னாலேயே.

கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு ஒரு கார் பிடித்து அவர்களோடு நாகர்கோவில் போனேன். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வழியெல்லாம் நான் ஜெபம் பண்ணினேன். அவள் பிழைக்கவேண்டும் என்றுதான் தொடங்கினேன். பாதி வழியில் அது வேறு ஜெபமாகிவிட்டது. இது அந்தப் பொடியால் வந்ததாக இருக்கட்டும், என் மாத்திரையால் வந்ததாக இருக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதை நான் கவனித்தபோது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர். உங்கள் வயதுதான் இருக்கும்.

"என்னென்ன மருந்து சாப்பிடுறாங்க?" என்று கேட்டார்.

நீலகண்டன்தான் பதில் சொன்னார். "ஒரு மருந்தும் இல்ல டாக்டர். நோன்புல்லா. சாயா கூட குடிக்கமாட்டா. அந்தப் பொடி ஒண்ணு உண்டு, அவ்ளதான்."

பொடி என்றதும் டாக்டர் நிமிர்ந்தார். என்ன பொடி, எத்தனை நாள், டப்பாவைக் கொண்டுவாருங்கள் என்று கேள்விகள் எல்லாம் அந்தப் பக்கமே போயின. செண்பகம் படுக்கையிலிருந்து என்னைப் பார்த்தாள். கணவருக்கு மாத்திரை விஷயம் தெரியாது. தெரிந்தால் மருந்து தின்று காத்த நோன்பா என்று கேட்பார் என்று அவளுக்குப் பயம். சொல்லாதே என்று கெஞ்சுகிறாள் என அந்தப் பார்வையை நான் எடுத்துக்கொண்டேன். அவளுடைய ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். சீட்டு இல்லாமல் பத்து அட்டை கொடுத்தது யார் என்ற கேள்வி வந்தால் என் வேலை போகும், அதுதான் காரணம். எப்படியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, இனி மாத்திரை எங்கே தின்னப்போகிறாள், தானாக நின்றுவிடும் என்றும் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பார்க்கப் போனேன். தேறியிருப்பாள் என்று ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்.

வார்டு வாசலில் அதே டாக்டர் நீலகண்டனிடம் பேசிக்கொண்டிருந்தார். பொடியை நிறுத்தியும் மஞ்சள் ஏறிக்கொண்டே போகிறது, இரத்தம் உறைவதும் தாமதமாகிறது, ஏன் என்று பிடிபடவில்லை, நாளைக்கும் இப்படியே இருந்தால் திருவனந்தபுரம் கொண்டுபோகவேண்டும், ஈரல் மாற்றும் நிலை வந்தால் அங்கேதான் முடியும் என்றார். நீலகண்டன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். டாக்டர் நகர்ந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போய் திரையை இழுத்துவிட்டேன்.

"செண்பகம், அந்த மாத்திர நீ எத்தன தின்ன?"

"ஒரு நாளைக்கு மூணு."

"எத்தன நாளு?"

"நோன்பு தொடங்கின அன்னிலருந்து. எப்பம் வரும்னு தெரியாதுல்லா அக்கா. நாப்பத்தொரு நாளும் தின்னுட்டா பயமில்லன்னு நெனச்சேன்."

"மத்தவங்களுக்குக் கொடுக்கலியா?"

"அவிய எல்லாம் கெழவியள்லா. அவியளுக்கு எதுக்கு?"

"செரி, இங்க வந்தப்பம் நிறுத்துனியா?"

தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்தாள். கஸ்தூரி மஞ்சள் டப்பா. நோன்புக்காரி கேட்கிறாளே என்று நீலகண்டன்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மூடியைத் திறந்தாள். மஞ்சள் பொடிக்குள் அவருக்குத் தெரியாமல் செருகியிருந்தது நான் கொடுத்த அட்டை. நான்கு மாத்திரை மீதி இருந்தது.

"காலத்த ஒண்ணு போட்டேன். இன்னும் பத்து நாளுதான இருக்கு" என்றாள்.

ஏன் தின்றாய் என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டிருக்கவேண்டும், பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பினார்கள். அவள் கோபப்படவில்லை. நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

"நீங்க பக்கத்துலதான நின்னிய அக்கா. என்ன மருந்து திங்கான்னு டாக்டர் கேட்டப்பம் நான் ஒங்களத்தான பாத்தேன். நீங்க மாத்திரயப் பத்தி வாயே தொறக்கல. அப்பம் அதுல கொழப்பமில்லன்னுதான நெனச்சேன். கொழப்பம் உண்டுன்னா நீங்க சொல்லியிருக்க மாட்டியளா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவள் கெஞ்சவே இல்லை. என்னைக் கேட்டிருக்கிறாள். இது ஆபத்தா என்று கண்ணால் கேட்டாள், நான் வாயை மூடிக்கொண்டதை ஆபத்தில்லை என்ற பதிலாக எடுத்துக்கொண்டாள். அந்தப் பதிலை நம்பித்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வேளை தவறாமல் மூன்று மாத்திரை விழுங்கியிருக்கிறாள். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற நாம் பேசாமல் இருந்தால்கூட ஜனங்கள் அதை மருந்துச் சீட்டாக வாசிப்பார்கள். எனக்கு இருபது வருடத்துக்கு மேல் அனுபவம் ஆன பிறகு, அன்றைக்குத்தான் இது தெரிந்தது.

மஞ்சள் டப்பாவோடு டாக்டரைத் தேடி ஓடினேன். வராந்தாவில் நீலகண்டன் நின்றிருந்தார். அவரை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இனியும் ஒரு கணக்குப் போடுவதற்கு எனக்கு உரிமையில்லை. அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். என்ன மாத்திரை, எத்தனை அட்டை, சீட்டு இல்லாமல் கொடுத்தது நான், இன்று காலையிலும் ஒன்று தின்றிருக்கிறாள்.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்பத்துலருந்து தெரியும்?"

"மூணு நாளாட்டு."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு வார்டுக்குள் வேகமாகப் போய்விட்டார்.

நீலகண்டன் சுவரோடு சாய்ந்து நின்றார். மாத்திரை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நோன்பு பற்றியும் கேட்கவில்லை.

"நான் தெனமும் பாத்துட்டேதான் இருந்தேன். மஞ்ச தேய்ச்சிருக்கான்னு நெனச்சேன். டப்பா தீந்தப்பம் நான்தான் புதுசு வாங்கிக் குடுத்தேன்" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. நான் படித்தது என்ன?

மாத்திரை நின்ற நாலாம் நாள் மஞ்சள் ஏறுவது நின்றது. காரணம் தெரிந்ததால் டாக்டர்கள் அதுவரை காத்துப் பார்த்தார்கள், திருவனந்தபுரம் போகவேண்டி வரவில்லை. நிறுத்தியதும் உதிரப்போக்கு வந்து அவளைப் படுத்தியது, அதையும் டாக்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். கண் வெளுக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. பொடியா, மாத்திரையா, இரண்டும் சேர்ந்தா என்று கடைசிவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்த மாத்திரை சில நாளைக்கு ஒன்றும் செய்யாது, அதுவும் உண்மைதான். பொடியால்தான் இருக்கும் என்று நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம், அந்த ஆறுதலைத் தேடிப் போனதில்தான் மூன்று நாள் போனது. முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே என்றார். இதோ, எழுதியே கொடுக்கிறேன்.

செண்பகம் அந்த வருடம் கெட்டு எடுக்கவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனபோதெல்லாம் நல்லபடியாகப் பேசினாள், ஆனால் கவுண்டரில் சாய்ந்து நின்று பேசிய பேச்சு அது இல்லை. கடைப் பக்கம் வரவே இல்லை.

மறு வருடம் மாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும், கடைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். கவுண்டரில் நாலு பேர் நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, டியூப்லைட்டுக்கு நேராக முகத்தைத் தூக்கி, இரண்டு விரலால் கீழ் இமையை இழுத்துக் காட்டினாள்.

"பாருங்க அக்கா."

பார்த்தேன். நல்ல வெள்ளையாக இருந்தது.

"நோன்பா?" என்று கேட்டேன்.

"இருவதாம் நாளு தூரமாயிட்டேன். குளிச்சிட்டு மறுபடியும் ஒண்ணுலருந்து எண்ணுதேன். கொடைக்கு எட்டாது. எட்டாட்டா என்ன, கொட கழிஞ்சு நான் தனியா போறேன். அம்மை எங்க போவப்போறா?" என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்தாமல், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "எனக்கு ஒரு தலவலி மாத்திர வேணும். ஆனா நீங்க கேக்கணும். கேக்காமத் தந்தா நான் வாங்கமாட்டேன்."

கேட்டேன். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய், யார் கொடுத்தது, எத்தனை நாளாக, பசி எப்படி, ஊறல் உண்டா, மூத்திரம் என்ன நிறம், யாராவது பொடி கொடுத்தார்களா என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். பின்னால் நின்ற ஒரு பெண் பொறுமை இழந்து, தன் வேர்வை துடைத்த கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள். என்ன வாங்க வந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது இருக்கும்.

அந்த அடுத்த கடையில் இப்போது நிற்பது உங்களில் ஒருவர்தான்.